அம்மா தின்னாத உப்பு

எங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பூட்டி வைத்தது நான்தான். ஜாடிக்கு ஏது பூட்டு என்று கேட்கலாம். ஜாடியைத் தூக்கி நைனாவின் மர அலமாரிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டி, சாவியை நைனாவின் கையில் கொடுத்தேன். குழம்புக்கு வேண்டுமென்றால் அம்மா அவரிடம் போய்க் கேட்க வேண்டும். முப்பது வருஷமாக அந்த வீட்டில் உலை வைத்தவள் ஒரு சிட்டிகை உப்புக்குப் புருஷன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி நான் திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வீடு சித்தூரில், சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் அந்தச் சபையைச் சேர்ந்தது. நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சபையில் மூப்பர். திருவிருந்து ஞாயிறன்று போதகருக்குப் பக்கத்தில் நின்று திராட்சரசக் கிண்ணத்தை ஏந்திக் கொடுக்கிற பொறுப்பு மூப்பருக்கு. அதற்காகவே ஒரு வெள்ளை ஜிப்பா வைத்திருந்தார். அதைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைப்பது அம்மாவின் வேலை.

அம்மாவுக்கு முதலில் வந்தது பிரஷர் இல்லை, வீக்கம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. இரண்டு கையிலும் முட்டிகள் உப்பிச் சிவந்திருக்கும், தொட்டால் சுடும். வெந்நீர்க் குண்டானுக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். "உள்ள நெருப்பு வச்சா மாதிரி கீது பாப்பா" என்பாள் என்னிடம். களி கிண்டுகிற கட்டையைப் பிடிக்க முடியாமல் அவள் அழுததை ஒருமுறை பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். வயிறுதான் எரிந்தது, வீக்கம் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டம்மா அவளைப் பலமனேருக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே சந்தைத் தெருவில் வயதான கம்பவுண்டர் ஒருவர் மூட்டு வலிக்குப் பொட்டலம் கொடுப்பார். பழுப்புநிறப் பொடி. நாட்டு மருந்து என்று சொல்லித்தான் கொடுப்பார். தினம் இரண்டு பொட்டலம். எட்டாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு என் முகத்துக்கு நேரே கையை மூடி மூடித் திறந்து காட்டினாள்.

"பாரு பாப்பா, மூட வருது! பாரு!"

வார்டில் நோயாளிகளின் தலையணைக்கு அடியில் பொட்டலம் கண்டுபிடித்தால் நான் போடுகிற சத்தம் வராண்டா வரைக்கும் கேட்கும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்துப் பிடரி வலி என்றாள். பிரஷர் மிஷினை வார்டு சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால், பாதரசம் இருநூறைத் தாண்டிப் போய் நின்றது. மிஷின் கோளாறு என்று நினைத்து நைனாவுக்குப் பார்த்தேன். அவருக்குச் சரியாக இருந்தது. மறுநாளே அம்மாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் பெரிய டாக்டர் கெட்டிக்காரர், கோபக்காரர். அவர் ரவுண்ட்ஸ் வந்தால் வார்டில் தட்டு விழுகிற சத்தம்கூட இருக்காது. அம்மாவை மரியாதையாக உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கருவாடு உண்டா, ஊறுகாய் உண்டா, தலைசுற்றல் உண்டா. கடைசியில், "வேரே ஏமைனா மந்துலு வாடுதுன்னாரா?" என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று. அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அவள் வாயைத் திறக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "லேது சார்" என்றேன், இல்லை என்று.

ஏன் சொன்னேன்? என் முதுகுக்குப் பின்னால் டிரெய்னிங் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முந்தின வாரம்தான் காளஹஸ்திப் பக்கத்துக் கிழவர் ஒருவரின் பொட்டலத்தை அந்தப் பெண்கள் பார்க்கப் பிடுங்கி வீசி, படிக்காத ஜனம் என்று திட்டியிருந்தேன். இப்போது சிஸ்டருடைய அம்மாவே பொட்டலம் தின்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மானம் போய்விடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "அந்தப் பொடிய சொல்லலையே?"

"அது மூட்டுக்கு. இது ரத்தத்துக்கு. அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"படிச்சவ நீ. ஒனக்குத் தெரியும்" என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாத்திரையில் தொடங்கினார் டாக்டர். இறங்கவில்லை. இரண்டாக்கினார். பிறகு மூன்று. ஒன்று அம்மாவைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. ஒன்றால் மூக்கு அடைத்துக்கொண்டது. இன்னொன்றால் ராத்திரி நாலு தடவை கொல்லைக்குப் போய்வந்தாள். எல்லாவற்றையும் நேரம் தவறாமல் விழுங்கினாள். பாதரசம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நாலாம் மாதம் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, "அம்மா, நிஜம் செப்பண்டி" என்றார். உண்மையைச் சொல்லுங்கள். உப்பு தின்கிறீர்கள்.

"லேது டாக்டரய்யா" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா சிஸ்டர்?" என்றார். என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அலமாரிப் பூட்டு. கருவாட்டை நிறுத்தினேன். அப்பளத்தை நிறுத்தினேன். நைனாவுக்காக ஓர் ஆவக்காய் ஊறுகாய் ஜாடி மட்டும் இருந்தது. அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். வாராவாரம் வந்து பார்ப்பேன். நைனா தின்ற அளவுக்கு மேல் ஊறுகாய் இறங்கியிருக்காது. வேறு யாராக இருந்தாலும், பாவம், இவள் தொடவில்லை என்று முடிவுக்கு வந்திருப்பார்கள். நான் அப்படியா? வெளியே எங்கேயோ தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். மாதம் ஒருமுறை பொட்டலம் வாங்கப் பலமனேருக்குப் போகிறாளே, அங்கே பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பஜ்ஜியும் மிளகாய்ச் சட்னியும் தின்றுவிட்டு வருகிறாள் என்று நைனாவிடம் சொன்னேன். போகிற காரியம் என் கண்ணில் படவில்லை. போகிற வழிதான் பட்டது.

அவள் முகமும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. கழுத்துக்குப் பின்னால் சதை போட்டது. வயிறு பெருத்தது. உப்பில்லாத கஞ்சி குடிக்கிற பொம்பளை இப்படியா இருப்பாள்? சர்ச் வாசலில் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "பத்தியமாம் பத்தியம். மூஞ்சப் பாரு, பன்னு கணக்கா கீது." அவர்கள் சொன்னதைக் கொண்டுபோய் அம்மாவிடமே சொன்னேன். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் துன்னல பாப்பா. எங்கம்மா மேல ஆணையா துன்னல."

"அப்போ பாதரசம் பொய் சொல்லுதா?"

பாதரசம் பொய் சொல்லாது. எனக்கும் டாக்டருக்கும் நைனாவுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். ஒருவருக்கொருவர் மனத்தாங்கல் இருந்தால் அங்கே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒளித்து வைத்த குற்றம் இருந்தால் எழுந்து நின்று அறிக்கை செய்யலாம். தீர்க்காமல் மறுநாள் கிண்ணத்தை வாங்கக் கூடாது. நைனா இதில் மகா கண்டிப்பு. அந்த மாதம் போதகரிடம் போய், என் வீட்டில் பொய் நடமாடுகிறது, அதை வைத்துக்கொண்டு நான் கிண்ணத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். நைனா கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். சபை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

வீட்டில் அவர் அம்மாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாயங்கால ஜெபத்தில் மட்டும், "இந்த வீட்டில் மறைக்கப்பட்டிருக்கிறதை வெளியரங்கமாக்கும் ஆண்டவரே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அம்மா பக்கத்தில் முழங்காலில் இருப்பாள். அதைவிட அவர் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

இதற்கிடையில் டாக்டருக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. இத்தனை மாத்திரைக்கும் இறங்காவிட்டால் வேறு ஏதோ இருக்கலாம், கிட்னியைப் பார்க்க வேண்டும், வேலூருக்கு எழுதித் தருகிறேன், கூட்டிக்கொண்டு போ என்றார். கடிதமும் எழுதிவிட்டார். கவரில் போட்டு என்னிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் சனிக்கிழமை நான் ஊருக்கு வந்திருந்தேன். நாலாவது மாத ஆயத்த ஆராதனை. போதகர், யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"நான் உப்பு துன்னேன். ஊறுகாயும் துன்னேன். கேட்டவங்ககிட்டல்லாம் இல்லன்னு பொய் சொன்னேன். எங்க வூட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்ல. சபை என்னை மன்னிக்கணும்."

நைனா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போதகர் இறங்கி வந்து அவள் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள், பன்னு என்று சொன்னவள் உட்பட. எனக்கு என்ன இருந்தது தெரியுமா? வெற்றி. ஒரு வருஷமாகத் துரத்தின திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த வெற்றி. எங்கே தின்றாள், எப்போது தின்றாள், யார் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் கஞ்சி போட்ட ஜிப்பாவோடு நைனா கிண்ணத்தை ஏந்தி நின்றார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய், "ஒத்துக்கிட்டாங்க சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேஸ் ஷீட்டை எடுத்து, நோயாளி பத்தியத்தை மீறியதை ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி எழுதினார். வேலூர்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகும் பிரஷர் இறங்கவில்லை. ஒத்துக்கொண்டும் திருந்தவில்லை என்று எல்லோரும் அலுத்துப்போனோம். அலமாரியைப் பூட்டுவதும் நின்றது, சாவியைக்கூட நைனா தொலைத்துவிட்டார், நானும் தேடவில்லை. அம்மா மாதாமாதம் பலமனேர் போய்க்கொண்டிருந்தாள். ஏழு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வலது கை, வலது கால் போய்விட்டன. வாய் கோணிக்கொண்டது.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில், அதே மாத்திரைகளுக்கு, பாதரசம் இறங்க ஆரம்பித்தது. நைனா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்தியா? இங்க ஊறுகா கெடைக்காதில்ல" என்றார். நானும், ஆமாம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் அவள் விரல்கள் பழையபடி வீங்கின. செயலிழந்த கைகூட வீங்கியது. முழங்கால், கணுக்கால் எல்லாம் சிவந்து கொதித்தன. போர்வை பட்டாலும் கத்தினாள். எழுந்து உட்காரவைத்தால் மயக்கம் வந்தது. அப்போது புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் ஒருவர், சின்ன வயசு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இது நேற்று வந்த வீக்கம் இல்லையே சிஸ்டர். எலும்பு கோணியிருக்கிறது. வருஷக்கணக்காக இருந்திருக்க வேண்டும். இத்தனை நாள் எதனால் அடங்கியிருந்தது?" என்றார்.

அப்போதுதான் பொட்டலத்தைச் சொன்னேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. எனக்கு வகுப்பெடுப்பது போல எடுத்துச் சொன்னார். அந்தப் பொடியில் ஸ்டிராய்டு அரைத்துக் கலந்திருப்பார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றார். அது வீக்கத்தை அடக்கும், பிரஷரை ஏற்றும். இங்கே வந்து பொட்டலம் நின்றதால்தான் பிரஷர் இறங்கி, வீக்கம் திரும்பியிருக்கிறது. வாயில் உப்பே போடாவிட்டாலும் உடம்பு இருக்கிற உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முகம் வட்டமாகும், பிடரியில் சதை வைக்கும். போதாததற்கு மூட்டில் எரிகிற அந்த அழற்சி மூட்டோடு நிற்பதில்லை, ரத்தக் குழாயையும் கெடுக்கும். அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியிருப்பார்கள் என்றார். ரத்தத்துக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவளுக்கு, என்னைவிட நாலு வயது சின்னவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாய் குழறினாலும் அவள் பேச்சு புரியும்.

"துன்னாமலே துன்னேன்னு ஏம்மா சொன்ன?"

"ஒங்க நைனா... மூணு மாசமா கடசி பெஞ்சில குந்திக்கினு இருந்தாரு. பாக்க முடில."

"எங்கிட்டயாவது நெஜத்த சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒங்கிட்ட தான் மொதல்ல சொன்னேன் பாப்பா."

நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன். சபையில் எழுந்து, இவள் உப்பு தின்னவில்லை, பொய் சொல்லவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் நைனா என்றேன்.

"துன்னலன்னா, அன்னிக்கி ஆண்டவர் சமூகத்துல நின்னு அவ சொன்னது பொய்யா?"

"நமக்காகச் சொன்னா நைனா."

"யாருக்காகச் சொன்னா இன்னா? அத நம்பி நான் கிண்ணத்தத் தொட்டுட்டேன். இப்ப போயி இன்னான்னு சொல்லுவேன்?" அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்காவிட்டால் நான் எழுந்து சொல்லியிருக்கலாம். மாதா மாதம் ஆயத்த ஆராதனை நடந்துகொண்டுதான் இருந்தது. சொல்லப்போனால் என் பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் டிரெய்னிங் எடுக்கிற சித்தூர்ப் பெண்கள் இரண்டு பேர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

அம்மா ஒன்றரை வருஷம் படுக்கையில் இருந்தாள். பக்கவாதம் இரண்டாம் முறை வந்தபோது தாங்கவில்லை.

அடக்க ஆராதனையில் சர்ச் நிரம்பி வழிந்தது. போதகர் நல்ல பிரசங்கி. இந்தச் சகோதரியிடம் நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு என்றார். தன் குற்றத்தை மறைக்காமல் சபை நடுவில் எழுந்து நின்று அறிக்கை செய்தாள், புருஷனிடமும் மகளிடமும் பொய் சொன்னேன் என்று தாழ்மையோடு ஒப்புக்கொண்டாள், அப்படிப்பட்ட மனந்திரும்புதலை நமக்கும் தாரும் என்று ஜெபித்தார். நான் முதல் பெஞ்சியில், பெட்டிக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நைனா, கஞ்சி இல்லாமல் கசங்கின ஜிப்பாவோடு. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபம் முடிந்ததும் சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.